கூரையின் வயது

புயலில் எங்கள் மாங்காடு வீட்டு மொட்டைமாடிக் கூரையின் தகரங்கள் பிய்ந்துபோயின. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பார்வையிட ஒருவர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஒவ்வொரு தகரத்தையும் பேனாவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"கூரை போட்டு எத்தினி வருஷம் ஆவுது சார்?"

"பன்னெண்டு. ஒரு சொட்டு ஒழுகினதில்ல," என்றேன் பெருமையாக.

பேனா நின்றது. "நல்லா யோசிச்சு சொல்லுங்க சார்."

"யோசிக்க இன்னா கீது? முழுசா பன்னெண்டு!"

பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார்.

வந்த பணத்தில் தேய்மானம் என்று பாதியைக் கழித்திருந்தார்கள். கூரைக்கு வயது ஏற ஏறத் தொகை குறையுமாம். ஒழுகாத கூரை எப்படித் தேய்ந்ததென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த மனிதர் என்னை நம்பாமல் மறுபடி கேட்டாரா, எனக்காகக் கேட்டாரா என்பதும்தான்.