கடலிலிருந்து வந்த எட்டு ரப்பர்த் துண்டுகள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் கடல் மின்சாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை விளக்கும் தகுதி எனக்கு இல்லை. அங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஸ்காட்லாந்தின் வடகரையில் நர்ஸ் வேலை கிடைத்து ஆம்பூரை விட்டு வந்தோம். இங்கே துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் கூட்டித் துடைப்பதும் சில்லறைக் கைவேலையும் என் பொறுப்பு. முதல் நாளே எனக்கு விநோதமாகப் பட்டது அங்கிருந்த கண்ணாடி அலமாரி. முறிந்த போல்ட், கிழிந்த ரப்பர், துருப்பிடித்த சங்கிலி எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, பரிசுக் கோப்பைகளை அடுக்குவதுபோல அடுக்கியிருந்தார்கள். இவர்களுக்கு வெட்கமே கிடையாதா என்று நினைத்தேன்.

அலையிலிருந்து மின்சாரம் எடுப்பது அவர்கள் வேலை. பெரிய ரப்பர்ப் பை ஒன்று அலைக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். அதற்குள் ஓடும் காற்று விசிறியைச் சுற்றும். ரப்பர் போர்ச்சுகலில் செய்வது, மேல்பூச்சு அயர்லாந்தில், கடலில் போட்டுப் பார்ப்பது இங்கே. மூன்று நாட்டு அரசுகளும் மக்களின் வரிப்பணத்தைச் சேர்த்துப் போட்டிருக்கின்றன. முழு அளவுப் பையைக் கடலில் இறக்குவதற்கு முன்னால், எட்டு விதமாகப் பூச்சுப் பூசிய எட்டுத் துண்டுகளை ஒரு வருடம் கடலுக்குள் போட்டுவைத்திருந்தார்கள். ஒரு புதன்கிழமை படகுக்காரர் டேவ் அவற்றை எடுத்துவந்து தொட்டியில் போட்டார். ஆராய்ச்சியை நடத்தும் ஃபியோனா என்னிடம், "பணம் கொடுக்கும் மூன்று நாட்டுக்காரர்களும் நாளை வருகிறார்கள். காலையில் இவற்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுங்கள்" என்றார்.

ஆம்பூரில் பதினெட்டு வருடம் ஒரு ஷூ கம்பெனியின் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவன் நான். தோலில் முள் கீறிய வடு இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும். அதே நிறத்து மெழுகைத் தேய்த்து அதை மறைப்பேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் சூப்பர்வைசர் அமீன் பாய் கத்திக்கொண்டே வருவார்: "ஜேம்ஸு, கம்மி பீஸெல்லாம் அடியில தள்ளுப்பா. மேல இருக்கறதுல பையரு மூஞ்சி தெரியணும், இன்னா?" ஒரு குறை கண்ணில் பட்டாலும் மொத்த லாட்டும் திரும்பிவிடும். பையர் தலையாட்டும்வரை யாரும் மூச்சு விடமாட்டோம்.

வியாழன் காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். துண்டுகளைப் பார்த்துப் பதறிப்போனேன். பாசி, கோழை போன்ற வழவழப்பு, கல்லாக ஒட்டிக்கொண்ட சிப்பிகள். பணம் கொடுத்தவர்கள் முன்னால் இதையா வைப்பது? ஃபியோனாவின் மானம் போய்விடுமே. கத்தியால் சுரண்டினேன். வினிகர் ஊற்றித் தேய்த்தேன். வெடிப்பு விட்டிருந்த ஓரங்களில் கறுப்பு பாலிஷை வைத்து விரலால் அழுத்தினேன். எட்டும் பளபளத்தன. இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். படம் எடுத்து அமீன் பாய்க்குக்கூட அனுப்பினேன்.

ஃபியோனா வந்து மேஜை முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "அளக்கவேண்டியதே அந்தப் பாசியையும் வெடிப்பையும்தானே. ஒரு வருடம் போய்விட்டது" என்றார். பிறகு, "டேவ், நீயா கழுவினாய்?"

"நானா? என் படகையே நான் கழுவுவதில்லை. என் பெண்டாட்டியைக் கேட்டுப் பார்" என்று டேவ் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஃபியோனா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வந்தவர்களில் ரப்பரைச் செய்த போர்ச்சுகல் அம்மாவும் இருந்தார். குனிந்து ஒரு துண்டை முகர்ந்துவிட்டு, "கடல் எங்கே?" என்று கேட்டார்.

"எங்கள் தவறு. அளப்பதற்கு முன்பே கழுவிவிட்டோம்" என்றார் ஃபியோனா. அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. புதுத் துண்டுகள் இன்னொரு வருடம் கடலில் கிடந்தபிறகுதான் பெரிய பையைப் பற்றிப் பேசமுடியும் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் போன் துடித்தது. அமீன் பாய் எழுதியிருந்தார்: "செம பீஸு தோஸ்த். எந்த பையரும் ரிஜெக்ட் பண்ணமாட்டான்." அந்தப் பாராட்டைக் கையில் வைத்துக்கொண்டு, துடைப்பத்தோடு சுவரோரம் நின்றேன். அதை அழிக்கவும் மனம் வரவில்லை, அவர்கள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "கடல்ல கெடந்ததுக்கு பாலிஷா போட்டீங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "தெரியாம பண்ணிட்டீங்க, அது போவட்டும். அந்த படகுக்கார மனுசன கேக்கறப்ப வாய மூடிக்கினு நின்னீங்க பாருங்க, அதாங்க எனக்கு பேஜாரா கீது."

மறுநாள் வெள்ளிக்கிழமை ஃபியோனாவிடமும் டேவிடமும் நான்தான் என்று சொன்னேன். எதைக்கொண்டு எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று எழுதித் தரச் சொன்னார் ஃபியோனா. ஒரு பக்கம் எழுதி, கீழே பெயர் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாடுகளுக்கும் போகிற அறிக்கையோடு அதைச் சேர்த்துவிட்டார்கள்.