முதல் வாய்ச் சோறு

அம்மா கைப்பையைத் திறந்து இரண்டு நாடக ரிக்கெற் எடுத்தார். ஒன்றை என் கையில் வைத்தார். "காருக்குள்ள இருந்து என்ன செய்யப்போறீர்? வாரும்" என்றார். கொழும்பில் அந்த அம்மாவுக்குக் கார் ஓட்டப் போய் இரண்டாவது கிழமை அது. ஓட்டுநரைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி நாடகம் காட்டுகிறவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. சும்மா யாரும் எதுவும் தருவதில்லை. உள்ளே போனேன். அன்று நாடகத்தை நான் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் யாழ்ப்பாணத்தவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார், மகன் கனடாவில். நான் மட்டக்களப்பு, வாவிக்கரை ஆள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருடம் உழைத்து வீட்டுக்கு ஓடு போட வேண்டும், பிறகு ஊரோடு இருந்துவிட வேண்டும். மனைவிக்கு அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிறத்தியார் வீட்டில் சாப்பிட இருந்தால், வீட்டுக்காரர் முதல் வாய் வைக்கும்வரை எங்கள் கை சோற்றில் படாது. மருந்து கலந்து ஆளை வசியம் பண்ணிவிடுவார்கள் என்ற பயம். வெளியூரார் எங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள், மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. அந்தப் பயம் அவர்களைவிட எங்களுக்குத்தான் கூட.

அதனால் அம்மா வீட்டில் நான் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை. கடையில் சாப்பிட்டுவிட்டேன் என்பேன். சனிக்கிழமைகளில் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுவார். ஒரு கிழமை நெய்த்தோசை, ஒரு கிழமை சீனக்கடையில் பெரிய இறால். பிறகு நாடகம் அல்லது நடனம். கடை மேசையிலும் அவர் வாயில் வைக்கும்வரை நான் தொடமாட்டேன். அவர் அதை மரியாதை என்று நினைத்தார். தன் சிநேகிதிக்கு என்னைக் காட்டி, "நல்ல வளர்ப்பு. நான் சாப்பிடாமல் பிள்ளை தொடாது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கீழே காவலுக்கு இருந்த மலைநாட்டுக்காரர் சும்மா விடமாட்டார். "மட்டக்களப்பான் ஆளப் பாயோட ஒட்டவச்சிருவான்னு சொல்லுவாங்க. ஒன்னைய அந்தம்மா கதிரையோட ஒட்டிருச்சே!" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நாடகமும் நடனமும் எனக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தன. ஒரு நடனத்தில் தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். பிள்ளையும் இல்லை, சோறும் இல்லை, வெறுங்கை. நான் எச்சில் விழுங்கினேன். சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. அதுதான் பயம். வசியத்தில் கட்டுப்பட்டவனுக்குத் தான் கட்டுப்பட்டது தெரியாது என்பார்கள்.

மனைவி ஃபோனில் கேட்பாள். "இஞ்ச பாருங்க, அந்த மனிசி உங்களுக்கு ஏன் சோறு தீத்திறா? என்னமோ கிடக்கு. வந்துருங்க."

இரண்டு வருடம் முடிய வந்தபோது அம்மா, "இன்னும் ஒரு வருஷம் நில்லும். மகன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகுமட்டும்" என்றார். மனைவி சொன்னது சரிதான் என்று நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் பகல் மேலே கூப்பிட்டார். சமையல்காரி லீவில். அம்மாவே சமைத்திருந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. மேசையில் ஒரு தட்டுத்தான் இருந்தது.

"அம்மாவுக்கு?" என்றேன்.

"எனக்குக் கந்தசஷ்டி. இண்டைக்கு ஐஞ்சாம் நாள். விரதம் முடிச்சுப் பாறணைக்குத்தான் சோறு. நீர் இரும்."

மகனுக்காக வருடாவருடம் அவர் பிடிக்கிற விரதம் அது. எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த நாளில், இன்னும் ஒரு வருடம் நிற்கச் சொன்ன பிறகு, தான் வாயில் வைக்க முடியாத சோற்றை ஏன் எனக்குப் போடுகிறார்? கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். "வயிறு சரியில்ல" என்றேன்.

அம்மா என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். படிப்பித்தவர், விளங்க நேரம் எடுக்கவில்லை.

"ரெண்டு வருஷமா நான் இதை மரியாதை எண்டெல்லோ நினைச்சன்" என்றார். "உங்களைப் பற்றி எங்கட ஊரில சொல்லுறதை, நீர் என்னைப் பற்றி நினைச்சிருக்கிறீர்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். கறியைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார், விழுங்கினார். தட்டைத் திருப்பித் தள்ளினார்.

"இப்ப சாப்பிடும்."

சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அவர் சுவாமி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஒரு வருடமும் நின்றேன். மகன் வந்து அவரைக் கூட்டிப் போன பிறகுதான் ஊருக்கு வந்தேன்.

இப்போது வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. மனைவிக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஒரு நேரச் சோறு திண்டுபோட்டு ஒரு வருஷம் நிண்டீங்களே. அந்தச் சோத்துக்க என்ன கிடந்த?" என்பாள்.

"உப்புத்தான் கூட" என்பேன்.

அவள் நம்புவதில்லை. ஆனால் அதுதான் உண்மை. பருப்பு வாயில் வைக்க முடியாத உப்பு. விரதம் பிடிக்கிறவர் உப்புப் பார்த்துச் சமைப்பதில்லை. எனக்காக முறிக்கும்வரை அம்மா விரதம்தான் இருந்திருக்கிறார்.