கண்ணாடி மேல் ஊற்றிய தார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, நான்கையும் சித்தாள் வேலை பார்த்தே வளர்த்தேன். ஒருவர் வாசலிலும் போய்க் கை நீட்டியதில்லை.

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த கட்டடங்களில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. சுதந்திரம் வந்த புதிதில் கட்டியது. தட்டையான கான்கிரீட் கூரையில் சட்டி அகலத்துக்கு வட்ட வட்டமாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். வகுப்புக்குள் வெளிச்சம் அது வழியாகத்தான் இறங்கும். எண்பதுகளில் ஓர் ஐப்பசி மழைக்குக் கண்ணாடி ஓரமெல்லாம் ஒழுகியது. கூரை முழுக்கத் தார் ஊற்றச் சொன்னார்கள். கொதிக்கிற தாரைச் சுமந்து ஊற்றியது நான்தான். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. உள்ளே இரண்டு டியூப்லைட் மாட்டினார்கள். ஒன்று எரியும், அதுவும் கரண்டு இருந்தால்.

அங்கேதான் என் மூத்த மகள் ஐந்தாவது படித்தாள். உயரமான பிள்ளை, அதனால் கடைசி பெஞ்சு.

"எம்மா, உள்ள இருட்டா இருக்கு. போர்டு கண்ணுக்கு எட்டல."

"நாப்பது பிள்ளைக படிக்குது, ஒனக்கு மட்டும் இருட்டா? படிக்கக் கசக்குதுன்னு சொல்லு."

நான் பார்த்த வேலையைக் குறை சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். வாத்தியாரும், "பாத்து எழுதக்கூட வரல, மண்டைல ஏறல" என்றார். அந்த வருடமே படிப்பை நிறுத்தி, என்னோடு சாந்துச் சட்டி தூக்க வைத்தேன்.

அவளைப் பந்தல்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு, தொண்ணூறுகளில், மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கட்டடத்தை இடிக்காமல் பழையபடி ஆக்க வேண்டும், பகலில் லைட்டே போடாமல் பாடம் நடக்க வேண்டும் என்றார். வரைபடம் இல்லை. கண்ணாடி இருக்கும் இடம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். தாரைச் சுரண்டுமுன், இருக்கிற வெளிச்சத்தைப் பார்க்கப் போர்டில் எழுதிவிட்டு, ஆளுக்கொரு பெஞ்சில் உட்காரச் சொன்னார். எனக்குக் கடைசி பெஞ்சு.

"எத்தன எழுத்து இருக்குன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். பலகையும் சுவரும் ஒன்றாய்க் கிடந்தன.

"ஒண்ணும் காணோம் சார்."

"அக்காவுக்கு வயசாயிருச்சு, கண்ணாடி போடணும்" என்று கூட வந்த சித்தாள் சிரித்தாள். இன்ஜினியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் தெரியலம்மா" என்றார்.



தாரை நானே சுரண்டினேன், மூன்று நாள். கண் கூசாமலிருக்க ஒவ்வொரு கண்ணாடிக்குக் கீழும் வெள்ளைத் தகடு தொங்கவிட்டார் அவர். கடைசி பெஞ்சில் என் உள்ளங்கை ரேகை தெரிந்தது.

பஸ் ஏறிப் பந்தல்குடி போனேன். மகள் களத்தில் கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சுளகை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே சொன்னேன்லம்மா," என்றாள். "இருந்து சாப்ட்டுப் போ."

ஒரு சொல் திட்டவில்லை. அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதியவள் அவள் மகள்.

"எழுதுனத வாசி தாயி. சத்தமா வாசி. ஒங்கம்மா உள்ளதான் இருக்கா. அவளா எடுத்து வாசிக்கிற அளவுக்கு நான் படிக்க விடலையே."