இரைச்சலைத் துடைத்த கேசட்

கடுகு வெடித்து ஓய்ந்தபின் எண்ணெயில் மிச்சமிருக்கும் அந்த மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டால் போதும், ஆவடி குவார்ட்டர்ஸின் ஒரு பின்னறைக்குப் போய்விடுகிறேன். அங்கேதான் என் நண்பன் அந்தக் கேசட்டை முதன்முதலாகப் போட்டான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை வெயில். பனியன் முதுகில் ஒட்டியிருக்க, நாங்கள் இருவரும் அந்தப் பாட்டுக்குள் ஒரு பனிக்காட்டில் உட்கார்ந்திருந்தோம்.

எந்தக் குளிர்நாட்டு மெட்டல் இசைக்குழுவோ, கைமாறிக் கைமாறி வந்த பதிவு. ஜெராக்ஸ் அட்டையில் கறுப்பின் மேல் கறுப்பு. மூடிய கதவை நகத்தால் சுரண்டுகிற மாதிரி மூன்றே சுரத்தில் ஒரு கிடார். தூரத்தில் யாரோ தகரக் கொட்டகையைத் தட்டுகிற டிரம். கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிற ஒரு குரல். எல்லாவற்றின் மேலும் இரைச்சல், பனிபோல, விடாமல். அவ்வளவு இருட்டைக் கேட்டு எங்களுக்கு எப்படி அவ்வளவு சந்தோஷம் வந்தது? தெரியாது. அவன் அம்மா எட்டிப் பார்த்து, ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்கவில்லையா என்று கேட்டு, மோர் வைத்துவிட்டுப் போனார்.

அவனுக்கு வடக்கே வேலை கிடைத்தது. அவனோடு கேசட்டும் போய்விடும். எனக்கென்று ஒரு பிரதி எடுக்க அம்பத்தூரில் பாட்டுப் பதிந்து தரும் கடையில் கொடுத்தோம். அவன் கிளம்பும் நாளன்றுதான் கிடைத்தது. கடைக்காரர் முகத்தில் அப்படியொரு பெருமை.

"இன்னா நைனா, டேப் ஃபுல்லா ஒரே இரைச்சல். கஷ்டப்பட்டு க்ளீன் பண்ணிக்கீறேன். கேளு, கண்ணாடி மாதிரி கீது."

போட்டுக் காட்டினார். உச்ச ஒலிக்கான ட்ரெபிளை அடியோடு இறக்கி, அடி ஒலிக்கான பாஸை ஏற்றியிருந்தார். பனி இல்லை, காடு இல்லை, கிடாரே இல்லை. தலையணைக்குள் யாரோ மேளம் அடிப்பதுபோல தொம், தொம். பிரமாதம் அண்ணாத்தே என்றான் நண்பன், முகம் மாறாமல். தெருமுனை வரை தாங்கினோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி பதிய நேரமில்லை.

ஆவடி ஸ்டேஷனில், சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஏறும்போது என் சட்டைப் பையில் எதையோ செருகினான். எடுத்துப் பார்த்தேன். கறுப்பின் மேல் கறுப்பு. இது உன்னுடையதடா என்று நீட்டினேன். அவன் அதை வாங்கவே இல்லை. கடைக்காரர் பதிந்த தலையணை மேளத்தைத் தன் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். வண்டி நகர்ந்தது.

"நீயே வச்சிக்கோ மச்சான். போற எடத்துல எனக்கு நெசமாவே குளிரும்."