நெஞ்சில் கோடு போட்ட ஈப்பிடிப்பான்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனால் எல்லோரும் கூப்பிடுவது மூன்றாம் மாடி லிஃப்ட்காரரைத்தான். பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. எந்த நட்டை முறுக்கினாலும், முறுக்கி முடித்து, கையை எடுக்குமுன் இன்னும் அரைச் சுற்று வைப்பார். "இருக்கட்டுமே, நமக்கும் நிம்மதி" என்பார். அவர் கைபட்ட லிஃப்ட் நடுவழியில் நின்றதில்லை. அவர் முறுக்கிய நட்டை வேறொருவர் கழற்றியதுமில்லை.

அவருடைய ஒரே மகள் வேறு ஊரில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறாள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. வேலைக்குப் போனவள் அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. போனில் "சாப்டீங்களாப்பா?", "சாப்டேன்மா, நீ?", "ம்". அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு அகப்படாது. அவர் தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்குப் பதிலே வராது. ஒருநாள் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு குருவியைப் போனில் பிடித்து அனுப்பினார். உடனே வந்தது: "அட! ஆனா கலங்கலா இருக்கேப்பா."

அந்த ஒரு "அட" போதும். யாரோ உபயோகித்த கேமரா ஒன்றை வாங்கினார். மகள் விட்டுப்போன லேப்டாப்பைத் தூசி தட்டினார். படத்தைத் திருத்தும் இடத்தில் 'கூர்மை' என்று ஒரு பட்டை, அதில் நகரும் ஒரு குமிழ். வலப்பக்கம் தள்ளினால் கலங்கல் தெளியும். தள்ளினார். தெளிந்தது. கை சும்மா இருக்குமா? கடைசி வரைக்கும் தள்ளினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, குருவியா? பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரா?"

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்."

"எனக்கா? ஒவ்வொரு இறகும் என்னைக் குத்த வருது!"

அப்படித் தள்ளி அனுப்பியதில் ஒன்றுதான் அந்த ஈப்பிடிப்பான் குருவி. சாம்பல் நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். அனுப்பிய சூட்டோடு மகளே கூப்பிட்டாள்.

"அப்பா, நம்ம மாடியிலயா எடுத்தீங்க? நெஞ்சுல கோடு கோடா இருக்கே! இது இந்தப் பக்கமே வராத பறவைப்பா. எங்க மேடம்கிட்ட காட்டினேன், துள்ளிக் குதிக்கிறாங்க. சனிக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம். அதைத் துரத்திடாதீங்க!"

"நான் எதுக்கும்மா துரத்தறேன்" என்றார்.

வீடு தலைகீழானது. மெத்தை வெயிலுக்குப் போனது, திரைச்சீலைகள் தண்ணீருக்குள் போயின. இவர், இதைவிட நல்லதாக இன்னொரு படம் தேறுமா என்று லேப்டாப்பைத் திறந்தார். திருத்தாத அசல் படம் வந்து நின்றது. நெஞ்சு வெறுமனே, மங்கின வெள்ளையாக இருந்தது. குமிழை வலப்பக்கம் தள்ளினார். இறகுகளின் நிழல் தடித்துக் கோடாயிற்று. இடப்பக்கம் தள்ளினார். கோட்டைக் காணோம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இப்ப சொல்லாதீங்க" என்றார் அவர். "வரட்டும். வந்து உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டப்புறம் சொல்லிக்கலாம்."

"மேடமும் வர்றாங்களே."

"வரட்டுமே, நான் பாத்துக்கறேன்."

"நீ என்ன, பறவையைப் பிடிச்சுக் கோடு போட்டு விடுவியா?"

மனைவி சிரிக்கவில்லை. "அவ மூஞ்சியைப் பாத்து எவ்வளவு நாளாச்சுங்க."

இவருக்கு மட்டும் ஆகவில்லையா? மறுநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போதெல்லாம் மாடியில் மகள் பைனாகுலரோடு நிற்பதே கண்ணில் நின்றது. எதிரே கோடில்லாத பறவை. பக்கத்தில் மேடம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மகள் திரும்பிக்கொள்கிறாள். இதற்காகவா அவளை வரவழைப்பது? மேலே ஏறி வந்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் போனுக்கு மாற்றி வைத்திருந்த அசல் படத்தை அனுப்பினார். கீழே எழுதினார்: "கோடு பறவைக்கு இல்லம்மா. நான் திருத்தினதுல வந்தது. மேடம் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

"நல்லவேளை சொன்னீங்கப்பா. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறோம்."

அன்றைக்கு மனைவி அவரோடு பேசவில்லை. சமையலறைப் பாத்திரங்கள்தான் பேசின.

சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். "லேப்டாப்பைத் திறந்து எனக்குக் காட்டுங்க. கூர்மையை முழுசாவா வச்சீங்க?"

"முழுசா வச்சு, சேவ் பண்ணி, மறுபடியும் ஒரு தடவை..."

"நட்டுன்னு நினைச்சீங்களா!" விழுந்து விழுந்து சிரித்தாள். "கண்ணை மட்டும் பாருங்க. அதுல வெளிச்சம் ஒரு பொட்டா தெரியுதா? அங்கயே விடுங்க. கையை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"பொய். மவுஸ் அம்பு இன்னும் நகருது."

சாப்பிட்டாயா என்று இருவரும் கேட்கவே மறந்தார்கள். மனைவி கையைத் துடைத்தபடி பின்னால் வந்து நின்றார். ஒவ்வொரு படமாகப் பார்த்துத் தீர்ந்தது.

"சரிப்பா, வச்சிடட்டுமா?"

"இரும்மா." திரையைப் பார்க்காமல் சொன்னார். "பறவை ஒண்ணும் இல்லைன்னாலும் சனிக்கிழமை வாயேன்."

அவள் எழப்போன நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்தாள். போனை வைக்கவில்லை.