ஐம்பதுக்கு ஒன்று

என் மனைவியின் தம்பியும் நானும் கூட்டுச் சேர்ந்து வாங்கியது அந்த மரம் அறுக்கும் மெஷின். மிளகுக்கொடி ஏற்றியிருந்த சில்வர் ஓக் மரங்களுக்குக் கிளை கழிக்க ஆள் கிடைக்காத வருசம் அது. வெறும் பெட்ரோலில் அது ஓடாது, டூடி ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். எவ்வளவு கலப்பது என்று கேட்டோம். விற்றவர், டேங்க் மூடிக்குப் பக்கத்தில் 50:1 என்று ஒட்டியிருந்த சீட்டைத் தட்டிக் காட்டி, "அம்பதுக்கு ஒண்ணுங்க, மறந்துறாதீங்க" என்றார்.

நாங்கள் மறக்கவில்லை. மறந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் மலையில் அப்போது பெட்ரோல் பங்க் கிடையாது. கடையில்தான் வாங்குவோம், எல்லாம் ரூபாய்க் கணக்கு. முப்பது ரூபாய்க்கு ஊத்துங்க, அம்பது ரூபாய்க்கு ஊத்துங்க என்றுதான் கேட்போம். அதனால் மச்சினன் ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் வாங்கி, அதில் ஒரு பாக்கெட் ஆயிலை வெட்டி ஊற்றினான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மெஷினும் குறை சொல்லாமல் ஓடியது.

சில வருசம் போனதும் புகைய ஆரம்பித்தது. முதலில் ஊதுபத்தி அளவுக்கு, அப்புறம் செங்கல் சூளை அளவுக்கு. பாதி மரத்தில் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து, எண்ணெய் சொட்டும். நான் ஆயிலைக் குறைக்கச் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

"எழுதியே ஒட்டியிருக்குது மாமா. கம்பெனிக்காரனை விட உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்தேன், எலுமிச்சம்பழம் கட்டினேன், திருநீறு பூசினேன். மெஷின் திருநீற்றோடு சேர்ந்து புகைந்தது.

அந்த நிலைமையில்தான் எங்கள் வேண்டுதல் நாள் வந்தது. சில வருசத்துக்கு முன்னால் மகள் விசக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் ஆத்தாளை எங்கள் வாசலில் நிறுத்திப் பூசை செய்வதாக நானும் மனைவியும் வேண்டியிருந்தோம். பிழைத்துவிட்டாள். ஆனால் எங்கள் வீடு கடைசி வீடு. சப்பரம் எப்போதும் கீழ் வளைவோடு திரும்பிவிடும். பூசாரியின் கையைக் காலைப் பிடித்து அந்த வருசம் சம்மதம் வாங்கியிருந்தேன். அடுத்த திருவிழா எப்போது சாட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

திருவிழாவுக்கு முந்தின இரவு அடித்த காற்றில் பெரிய பலா மரம் ஒன்று சாய்ந்து, எங்கள் தடத்தை அடைத்துக்கொண்டு விழுந்தது. விழுந்த மரத்துக்கு மேலே சாமியைத் தூக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. கோடாரியால் வெட்டினால் பொழுது சாய்ந்துவிடும். தலைக்குக் குளித்து, விரதமாக, மஞ்சள் வேட்டியோடு நின்ற என் முன்னால் மச்சினன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தான்.

இரண்டு இழுப்பு இழுத்தான், புகை. இன்னும் நாலு இழுத்தான். ஓடியது. மரத்தில் ஒரு கை ஆழம் இறங்கியதும் இருமிவிட்டு நின்றது.

"ஆயில் பத்தலீங்க மாமா. இன்னொரு பாக்கெட் விடலாங்களா?"

"விடுடா! மிச்சமிருந்தா என் தலையிலயும் விடு! சனிக்கிழமைக்குச் சரியா இருக்கும்!" என்று கத்தினேன். அவன் பாக்கெட்டைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கீழே மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பூசாரி பைக்கில் முன்னால் வந்து, மரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க, சப்பரம் வளைவுல நிக்குதுங்க. தூக்கறவங்க தோள்ல எவ்வளவு நேரம் வெச்சிருப்பாங்க? கொஞ்ச நேரம் பாக்கறேன். இல்லீன்னா திருப்பிக்கிட்டுப் போயிருவேன். கோவிச்சுக்காதீங்க."

என் மனைவி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தை இறக்கிவைத்து, பெட்ரோல் கேனை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, அடியில கெடக்குது? முன்னயெல்லாம் முக்கால் கேன் வருமே!"

"அதே அம்பது ரூவாய்க்குத்தான்க்கா வாங்குனேன். வெலை ஏறிப்போச்சு."

"ஆயிலு?"

"அதே ஒரு பாக்கெட்டு."

"அடக் கிறுக்கா, தண்ணியப் பாதியாக் கொறச்சுட்டு உப்பு மட்டும் அதே கைப்புடி போட்டா, அதை எவன் குடிப்பான்?"

நான் சீட்டைக் குனிந்து பார்த்தேன். அதில் ரூபாய் என்று எங்கேயும் இல்லை. ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். இவ்வளவுதான் விசயம். பெட்ரோல் மலிவாக இருந்தவரை எங்கள் முட்டாள்தனம் ஏறக்குறைய சரியான கணக்கில் ஓடியிருக்கிறது. விலை ஏற ஏறப் பெட்ரோல் குறைந்து, மெஷினுக்கு நாங்கள் எண்ணெயையே குடிக்கக் கொடுத்திருக்கிறோம். இத்தனை வருசம் எத்தனை சண்டை! அப்பனே, முருகா, ஒரு நாள் கனவிலாவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா!

கேனில் இருந்ததோடு அதே அளவு வெறும் பெட்ரோல் சேர்த்தால் சரியாகும். கடைக்குப் போய்வர நேரமில்லை. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பூசாரியின் பைக்கைப் பார்த்தோம்.

"என்னத்துக்குங்க அதைப் பாக்கறீங்க?" என்று அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆத்தாளுக்குத்தானுங்க சாமி" என்றேன்.

அவரே குனிந்து பைக்கின் பெட்ரோல் டியூபைக் கழற்றிவிட்டார். கேனைப் பிடித்தது நான். டியூப் துள்ளியதில் பெட்ரோல் பாதி கேனிலும் மீதி என் கையிலும் வேட்டியிலும் விழுந்தது. மச்சினன் டேங்கில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவையை ஊற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டி இழுத்தான். தேங்கியிருந்த புகையைக் கக்கிவிட்டு, அது வாங்கிய புதிதில் கத்தியது போலக் கத்தியது. பலாமரம் இரண்டு இடத்தில் அறுந்தது. துண்டை உருட்டித் தள்ளினோம். மேளம் வளைவு ஏறியது.

ஆத்தா எங்கள் வாசலில் நின்றாள். மகள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பூசாரி கற்பூரம் ஏற்றித் தட்டைக் கொண்டுவந்தார். நான் கையை நீட்டினேன்.

"ஐயோ, தள்ளிப் போங்க!" என்று அலறினார். "பெட்ரோல் கையோட வர்றீங்களே, பத்திக்கப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். எதற்காக இத்தனை வருசம் காத்திருந்தேனோ அதைத் தொட முடியாமல், மாட்டுக் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி இரண்டு கைகளையும் சுடர்மேல் வைத்து, ஆறுவதற்குள் வேகமாக நடந்துவந்து, உள்ளங்கைகளை என் கண்களில் ஒற்றினாள். இளஞ்சூடாக இருந்தது. அப்படியே நின்றேன்.

பின்னாலிருந்து மச்சினன் என் தோளைச் சுரண்டினான்.

"மாமா, அப்ப இனிமே நூறுக்கு ஒண்ணுங்களா?"

ஆத்தா முன்னால் கெட்ட வார்த்தை பேசக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.