கோட்டைப் புல்வெளியில் மாமி

கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் மாமி அப்படியே வைத்திருந்ததுதான், அந்தப் பயணத்தை நினைக்கும்போது இப்போதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மாமி என் அப்பாவின் தங்கை. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடையில், அட்லாண்டாவில் ஓர் உறவினரின் மகள் பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு மொன்றியலிலிருந்து நாங்கள் இருவரும் காரில் போனோம். வழிக்கடைச் சாப்பாட்டை மாமி சாப்பாடாகவே மதித்ததில்லை. மொன்றியலில் நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் புறப்படும்போதே, கெடாது என்று புளிச்சோறு ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஏறிவிட்டது.

டென்னசி மலைகளில் பனிமூட்டம் மதியமாகியும் கலையவில்லை. மரங்கள், வீதி, மாமியின் பேச்சு எல்லாமே அரைத்தூக்கத்தில் நடப்பவைபோல மெல்ல நகர்ந்தன. பழைய கோட்டை ஒன்றுக்கு வழிகாட்டும் பலகையைக் கண்டு காரைத் திருப்பினேன். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த மாமி மதிலையும் அகழியையும் தேடினார். அங்கே இருந்தது ஒரு புல்வெளி, நாலைந்து மரக்குற்றிகள், ஓர் அறிவிப்பு. “இதுக்கோ காரைத் திருப்பினனீ?” என்றவர், பச்சை கண்ட இடத்தில் எங்கள் ஆட்கள் செய்வதைச் செய்தார். பாயை விரித்துச் சோற்றை எடுத்தார்.

நான் அறிவிப்பை வாசித்துத் தமிழில் சொன்னேன். 1838இல், அந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து பிடித்துவந்து படையினர் இந்தக் கோட்டைக்குள் அடைத்துவைத்தார்கள். பிறகு மேற்கே வெகுதூரம் துரத்தினார்கள். வழியில் ஏராளமானோர் இறந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக்கூட எழுப்பிக் கொண்டுபோனார்களாம். நாங்கள் பாய் விரித்திருந்தது சரியாக அந்த அடைப்பின் நடுவில்.

மாமியின் கை அப்போதுதான் நின்றது. “அடுப்பில கொதிச்ச சாப்பாட்டுக்கு என்ன நடந்ததாம்?” என்று கேட்டார்.

“அது எழுதேல்லை, மாமி.”

பனிமூட்டத்தைப் பார்த்தபடி மாமி சொல்லத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். மாமி அவரை ராத்தா என்றே கூப்பிடுவார். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டுமென்று ஆயுதம் ஏந்திய எங்கள் தமிழ் இயக்கத்திடமிருந்து உத்தரவு வந்தபோது ராத்தா உலை வைத்திருந்தார்.

“மதிலால எட்டிப் பாத்தன். பயத்தில ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அவையள் போனாப்பிறகு அங்கால சோறு கொதிக்கிற சத்தம். போய் இறக்கினன். பேந்து நாங்கள்தான் அதைச் சாப்பிட்டனாங்கள்.”

நாங்கள் இடம்பெயர்ந்த கதையை மாமி நூறு தடவை சொல்லியிருக்கிறார். இதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. துரத்தப்பட்டவர்கள் என்றால் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்தே நான் வளர்ந்திருந்தேன்.

ராத்தா புத்தளத்தில் இருப்பது மாமிக்குத் தெரியும். யாரோ கொடுத்த தொலைபேசி எண் நாலு வருடமாக அவருடைய கைப்பையில் கிடந்தது. சோற்றைப் பற்றிச் சொல்லாமல் நலம் விசாரிக்க வாய் வராது, சொன்னால் ராத்தா என்றைக்கும் மன்னிக்கமாட்டார் என்ற பயத்தில் எடுக்காமலே இருந்திருக்கிறார். மொன்றியல் திரும்பிய மறுநாள் இரவு, புத்தளத்தில் விடிகிற நேரம் பார்த்து, மூலைக்கடையில் தானே போய் ஒரு தொலைபேசி அட்டை வாங்கிவந்தார். எண்களை நான்தான் அழுத்தினேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

மாமி தன் பெயரைச் சொன்னார். அடுத்த மூச்சில், சோற்றை இறக்கிச் சாப்பிட்டதைச் சொன்னார். மறுமுனையில் ஒரு சேவல் கூவியது மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதென்றே நினைத்தேன்.

“இறக்கினனியோ?” என்றது ஒரு முதிய குரல். “இவ்வளவு காலமும் கருகிப்போயிருக்கும் எண்டெல்லோ நினைச்சன்.”

மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

“அதுக்கு நான் உப்புப் போடேல்லையே, புள்ளை. எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?”

“ஓம் ராத்தா,” என்றார் மாமி, அழுதுகொண்டே. “உப்பில்லைத்தான்.”